சூடாகத் திரும்பிய போன்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இன்னதென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவரை எல்லோரும் பத்திரம் என்றுதான் கூப்பிட்டார்கள். போனைக் கையில் வாங்கும்போதும் "பத்திரம், பத்திரம்" என்பார். சரி பண்ணித் திருப்பிக் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்வார். வந்தவர் கடை வாசலில் கால் தடுக்கி விழுந்தாலும் இவர் போனைப் பார்த்துத்தான் பதறுவார் என்று மனைவி கேலி செய்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடை என்றால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். கழுத்து வளைந்த விளக்கு, பூதக்கண்ணாடி, குட்டித் திருகாணிகள் ஒட்டிக் கிடக்கும் காந்தத் தகடு, ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. திறக்க வேண்டிய போன் எது வந்தாலும் பத்திரம் முதலில் ஒயரை மாட்டி, அதில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் திருப்புளியைத் தொடுவார். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்மாளின் போனைச் சரி செய்யப் போய், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. செத்துப்போன கணவரின் குரல் அதில்தான் இருந்ததாம். அந்த அம்மாள் திட்டவில்லை, கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். போன் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "கவலைப்படாதீங்க, என்கிட்ட ஒரு காப்பி இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். போன உயிரைப் பிடித்து வந்து கொடுத்தவர் மாதிரி இருப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய், ஒரு போனைச் சுத்தமாக அழித்துக் கொடு என்று கேட்டால் என்ன ஆகும்? அதைத்தான் அவருடைய மச்சினி கேட்டாள்.

மச்சினி வக்கீல். மூக்குக்கு மேல் கோபம், அதைவிட நீளமாக வாய். ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய சலவைக்கூடம் இருந்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை லாரி லாரியாக வெளுத்து அனுப்பும் கம்பெனி. அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. தூங்கும் அறையை வெளியிலிருந்து பூட்டியது. இதையெல்லாம் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வக்கீலிடம் சொல்ல, அவள் தன் போனில் முகத்தோடும் குரலோடும் பதிவு செய்தாள். எங்கே வைத்து? பத்திரத்தின் கடையில், அந்தத் திரைக்குப் பின்னால். வார விடுமுறையில் ஒரு பெண் போன் கடைக்குள் நுழைந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பத்திரம் வாசலில் ஸ்டூலைப் போட்டுக் காவல் இருப்பார். அந்தப் பெண்கள் அவரைப் போன் கடை அண்ணன் என்றார்கள்.

அவர்களில் ஒருத்தி இஸ்திரி இயந்திரத்தில் கை வெந்தவள். அவளைச் சக வேலைக்காரிகளே இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவு முடிந்து வெளியே வந்ததும், பத்திரம் அவள் போனுக்கு ஒரு கண்ணாடி ஒட்டிக் கொடுத்தார். அப்போது அவள் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெண் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரை விட்டு, தள்ளாடித் தள்ளாடிக் கேமராவை நோக்கி வந்தது.

"நான் ஊர்லேருந்து கிளம்பற அன்னிக்கு நானே எடுத்தது அண்ணே. அன்னிக்குத்தான் முதல் தடவையா நடந்தா. அதுக்கப்புறம் நான் பார்க்கல" என்றாள். வக்கீலுக்கும் அதை அங்கேயே அனுப்பி வைத்தாள்.

வழக்கு நடக்க வேண்டியது எல்லைக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்த நாட்டில். "உங்க முகம் இந்தப் பக்கம் யார் கண்ணுலயும் படாது. அங்க நீதிபதி மட்டும்தான் பார்ப்பாரு" என்று வக்கீல் அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கம்பெனிக்கு எல்லை அலுவலகத்தில் வேண்டியவர்கள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பேசியது யார் என்று தெரிந்தால் அந்தப் பெண்களை என்ன செய்வார்கள் என்பதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயணத்துக்கு முன்பு அவள் போனையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள்.

"மாமா, பதிவெல்லாம் அந்தப் பக்கத்து வக்கீலுக்கு ரகசியமா அனுப்பியாச்சு. வந்துடுச்சுன்னும் சொல்லிட்டாங்க. இனிமே இது என்கிட்ட ஒரு துளி இருக்கக் கூடாது. துடைச்சுக் குடுங்க."

"என்கிட்ட குடுத்துட்டேல்ல, அதோட மறந்துடு" என்றார் பத்திரம். பிறகு, கேட்காமலேயே, பாடம் எடுக்க ஆரம்பித்தார். "எல்லை வர்றதுக்கு முன்னாடியே போனை முழுசா அணைச்சிடணும். சும்மா ஸ்கிரீனை இருட்டாக்கினா பத்தாது. விரலை வெச்சு, முகத்தைக் காட்டித் திறக்கற வசதி எல்லாத்தையும் எடுத்துடு. உன் விரலை அவன் பிடிச்சு வைக்கலாம். உன் மண்டைக்குள்ள இருக்கிற பாஸ்வேர்டை எப்படிப் பிடிப்பான்? எல்லாத்துக்கும் மேல, நீ கொண்டு போகாததை எவனாலயும் பறிக்க முடியாது."

"நீங்க வக்கீலாப் போயிருக்கலாம் மாமா."

"போயிருப்பேன். வீட்ல ஒருத்திதான் பேசணும்னு உங்க அக்கா சொல்லிட்டா."

அவள் சிரித்துவிட்டு, கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள். "நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. கூட வர்றீங்க இல்ல? கேட்டாங்கன்னா பாஸ்வேர்ட் சொல்ல மாட்டேன்னு சொல்லலாம். போனைப் பிடுங்கி வெச்சுப்பாங்க, கத்துவாங்க, உட்கார வைப்பாங்க. உட்கார்ந்தா போச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"என்னை எவன் கேட்கப் போறான்? நான் உடைஞ்ச ஸ்கிரீன் மாத்தறவன்."

தங்கையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மனைவி பிடிவாதம் பிடித்ததால்தான் அவர் கூடக் கிளம்பினார். அந்தப் பக்கத்துச் சந்தையில் உதிரிபாகங்கள் வாங்க வேண்டியும் இருந்தது.

மச்சினி போனதும் பத்திரம் வேலையைத் தொடங்கினார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று ஸ்கிரீன் கேட்டது. அவருக்குக் கை வரவில்லை. அனுப்பினது போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறாள், அதை யார் கண்ணால் பார்த்தது? நாளைக்கு அங்கே கோப்பு திறக்கவில்லை என்றால்? அந்த அம்மாள் படியில் உட்கார்ந்த மாதிரி இவளும் கோர்ட் படியில் உட்கார்ந்தால்? இப்படியெல்லாம் யோசித்ததாகத்தான் அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டார். நான் சொல்கிறேன், இன்னொன்றும் இருந்தது. கோர்ட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது தான் முன்னால் போய், "கவலைப்படாதே, என்கிட்ட ஒரு காப்பி இருக்கு" என்று சொல்வதை அவர் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். அந்தக் காட்சி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒயரை மாட்டினார். முகங்கள், குரல்கள், எண்கள், குழந்தை நடக்கும் வீடியோ, எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தன. ஆளில்லாத கடையில் இதை விட்டுவிட்டுப் போவதாவது? கையோடு இருந்தால்தான் பத்திரம் என்று அத்தனையையும் தன் சொந்தப் போனுக்கு மாற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். அதற்குப் பிறகு மச்சினியின் போனையும் லேப்டாப்பையும் அப்படித் துடைத்தார், அப்படித் துடைத்தார், அவற்றைச் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். நீளமான கூடம், நீளமான மேசைகள், மூலையில் ஒரு கண்ணாடி அறை. சுவரில் பெரிய அறிவிப்புப் பலகை. பயணிகள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்கள். வெளியே டிரைவர் பஸ்ஸின் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார்.

வக்கீலின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். போனைக் கேட்டார். அவள் தானே திறந்து கொடுத்தாள். அதிகாரி தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு நம்பர்கூட இல்ல?"

"பழசையெல்லாம் மறந்துட்டுப் புதுசா வாழலாம்னு பார்க்கறேன் சார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற பத்திரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. லேப்டாப்பும் அப்படியே வெறுமையாகத் திறந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு சார்?"

அவள் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள். ஆனால் நம் ஆளுக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? வீட்டுப் பெண்ணை ஒருத்தன் தனியாவா வந்தே என்று கேட்கிறான், கூட வந்த ஆம்பளை வாயை மூடிக்கொண்டு நிற்பதா? பத்திரம் வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"நான் இருக்கேன் சார் கூட. இவ அக்கா வீட்டுக்காரன்."

வக்கீல் கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தாள்.

"அப்படியா, வாங்க சார்" என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார். "உங்க போனையும் கொஞ்சம் குடுங்க."

அந்த நொடியில்தான் பத்திரத்துக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் சொன்னதில் ஒன்றையும் அவர் தனக்குச் செய்துகொள்ளவில்லை. போன் அணைக்கப்படவில்லை. மனைவியின் படம், மகனின் படம், அதற்குப் பக்கத்திலேயே அந்த ஃபோல்டர். கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வது?

"பாஸ்வேர்ட்?"

வக்கீல் அவரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவளுக்கு அந்தப் போனில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாது என்பது அவள் கொள்கை, அவ்வளவுதான்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றார் பத்திரம். இதை இங்கேயே எழுதி வைக்க வேண்டும். முதலில் அவர் சரியாகத்தான் சொன்னார்.

"சரி, உட்காருங்க" என்று அதிகாரி ஒரு பெஞ்சைக் காட்டினார். அது கூடத்தின் நடுவில் இருந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்கும்படி இருந்தது. பத்திரம் உட்கார்ந்தார். சோதனை முடிந்தவர்கள் பஸ்ஸுக்குப் போய், பஸ் கிளம்பாததால் திரும்பி வந்தார்கள். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் யாருய்யா?" என்றார். ஒரு பெரியம்மா, "ஒரு ஆளுக்காக இத்தனை பேரும் காயணுமா?" என்று கேட்டாள். அவளை அவர் மறுத்துப் பேச முடியாது. கைக்குழந்தை ஒன்று வேறு வீறிட்டு அழுதது.

"யோக்கியனா இருந்தா திறந்து காட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் தோளில் பை மாட்டிய ஒருவர்.

"உள்ள என்ன படம் வெச்சிருக்காரோ!" என்றது இன்னொரு குரல்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். குனிந்து, ரகசியம் பேசுவது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்த மாதிரி ஏதாவதா சார்? வெட்கப்படாதீங்க. நாங்க பார்க்காததா?" என்றார்.

பத்திரத்துக்குக் காது மடல் பற்றி எரிந்தது. தெருவில் பெண்கள் தங்கள் போனை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிற கடை அவருடையது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் நிமிர்ந்து மச்சினியைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். போச்சு, இவளும் நம்பிவிட்டாள். இன்றைக்கே அக்காவிடம் சொல்வாள். மச்சினி முகத்தில் இனி எப்படி விழிப்பது? அந்த நேரத்தில் அவர் மனசில் சலவைக்கூடம் இல்லை, வெந்த கை இல்லை, நடக்கும் குழந்தை இல்லை. தன் மானம் ஒன்றுதான் இருந்தது. எழுந்து போய், போனை வாங்கி, தன் விரலாலேயே பாஸ்வேர்டை அடித்துத் திறந்து கொடுத்தார்.

"பார்த்துக்குங்க சார். என்கிட்ட அந்த அசிங்கமெல்லாம் கிடையாது."

அதிகாரி அதை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். அங்கே மேசையில் இருந்த சின்னப் பெட்டியில் ஒயரை மாட்டுவது வெளியிலிருந்தே தெரிந்தது. அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று அந்தக் கூடத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் பத்திரம்தான். தானும் தினம் செய்கிற வேலைதானே.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் திரும்பி வந்தது. "ஒண்ணும் இல்ல சார். சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்றார் அதிகாரி. பத்திரம் கையில் வாங்கினார். போன் சூடாக இருந்தது. சும்மா கிடந்த போன் சூடாகாது. உள்ளே இருப்பது மொத்தமாக ஓர் ஒயர் வழியாக வெளியே போகும்போதுதான் அப்படி முதுகு கொதிக்கும். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பஸ்ஸில் மச்சினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எல்லையைத் தாண்டியதும் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தீங்களா மாமா? போன்ல தேடித் தேடி அவருக்கே போரடிச்சுடுச்சு. உங்களாலதான். உங்க கைக்குத் தங்க மோதிரம் போடணும்." உடனே மனப்பாடமாகத் தெரிந்த அக்காவின் எண்ணை அழுத்தி, "உன் வீட்டுக்காரர் புலிடி. சும்மா துடைச்சு எடுத்திருக்காரு" என்று சொன்னாள். அந்தப் பக்கம் மனைவி ஏதோ கேலி செய்திருக்க வேண்டும், இருவரும் சிரித்தார்கள். "இந்தாங்க, பேசுங்க" என்று நீட்டினாள். பத்திரம் தலைவலி என்று கையை ஆட்டினார்.

தலைவலிதான். பாராட்டப் பாராட்ட அவர் கூனிக் குறுகினார். சட்டைப் பையில் இருந்த போன் நெஞ்சைச் சுட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்களுக்குத் தெரியும். கம்பெனி ஆள் வந்து கதவைத் தட்டும்போது தெரியும். அப்போதும் யார் காரணம் என்று தெரியாது. இந்தக் கடைசி எண்ணம் தனக்கு ஆறுதலாக இருந்தது அவருக்கே தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததும் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வழியில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மச்சினி இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உன் போன்ல இருந்ததையெல்லாம் நான் ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.

"எங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வரும், கத்துவாள், நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்காகக் காத்துக்கூட இருந்தார். அவள் கத்தவில்லை.

"எல்லாமா?"

"எல்லாம்."

"முகமுமா மாமா?"

"ஆமா. போன் சூடா வந்துச்சு. எடுத்துட்டாங்க."

"ஏன் திறந்தீங்க? உட்கார்ந்தா போச்சுன்னு சொன்னேனே."

"அவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே. என்னை ஏதோ... அந்த மாதிரி ஆளுன்னு நினைச்சிட்டியோன்னு..."

"சுவத்துல அவங்க மேலதிகாரியோட நம்பர் எழுதியிருந்துச்சு. உங்களை விடலைன்னா கூப்பிடலாம்னு அதை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நினைச்சிருந்தா நினைச்சிட்டுப் போறேன். அதுக்காகவா மாமா?"

பத்திரம் தலை குனிந்து செருப்பு நுனியைப் பார்த்தார்.

அவள்தான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். "இஸ்திரிக்கு மதிய ஷிஃப்ட் தொடங்கப் போகுது. உள்ள போறப்போ வாசல்ல எல்லார் போனையும் வாங்கி வெச்சுப்பாங்க. அந்தப் பொண்ணுங்க எல்லாரும் பேசிக்கிற குரூப் அவ போன்லதான் இருக்கு. எனக்கு வாக்குமூலம் குடுக்காதவங்களும் அதுல இருக்காங்க. தகவல் போயிருந்தா முதல்ல அவ போனைத்தான் திறக்கச் சொல்வாங்க. அவ அதை அழிச்சாகணும். இப்பவே." சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தாள், அப்படியே நின்றாள். அதில் ஒரு எண்ணும் இல்லை. அத்தனை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. எண்கள் எல்லாம் அவருடைய போனில், அந்த ஃபோல்டரில்தான் இருந்தன.

எல்லையில் ஒயர் ஏறிய அந்தப் போனிலிருந்து பேசவும் கூடாது, ஒட்டுக்கேட்க ஏதாவது செய்து வைத்திருக்கலாம். டீக்கடைக்காரரிடம் அவசரம் என்று கெஞ்சி அவருடைய போனை வாங்கினார்கள். அவள் தன் போனில் ஊரிலிருந்த இன்னொரு வக்கீலின் அலுவலகத்தைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பெண்களை மாலைக்குள் வெளியே கொண்டுவர ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும்.

"இஸ்திரிகிட்ட நானே சொல்றேன்" என்றார் பத்திரம்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

அவர் எண்ணை அழுத்தினார், ரிங் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு தயங்கிய குரல், "யாரு?" என்றது.

"நான் போன் கடையிலேருந்து பேசறேம்மா. வக்கீலம்மாவோட மாமா."

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? நீங்க ஒட்டின கண்ணாடி இன்னும் அப்படியே இருக்கு அண்ணே. ஒரு கீறல் விழல." பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. "வக்கீல் அக்கா பத்திரமாப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"சேர்ந்தாம்மா." அவர் டீக்கடைக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன். நீங்க எல்லாரும் பேசினது என் போன்ல ஒரு காப்பி இருந்துச்சு. எல்லைல அதை அவங்க எடுத்துட்டாங்க. நான்தான் திறந்து குடுத்தேன்."

அவள் ஓர் ஓரமாக ஒதுங்கிப் போவது இயந்திரச் சத்தம் குறைந்ததில் தெரிந்தது.

"இப்ப நான் என்ன பண்ணணும் அண்ணே?" என்று கேட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அது அவரைக் கொன்றது.

"சாயங்காலத்துக்குள்ள ஆள் வரும், உங்களைக் கூட்டிட்டுப் போக. அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி வேலை பாருங்க. ஆனா உன் போனை இப்பவே மொத்தமா அழிச்சிடணும். உள்ள போகறதுக்கு முன்னாடி. நான் சொல்லச் சொல்ல அழுத்து."

அவர் சொன்னார், அவள் அழுத்தினாள். இது எங்கே இருக்கும், அதற்குள் எது, அதற்கும் கீழே எது என்று கண்ணை மூடிக்கொண்டே அவரால் சொல்ல முடிந்தது. தொழில் சுத்தம்.

"எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது அண்ணே."

"ஆமான்னு அழுத்து. அழுத்தினதும் இந்த லைன் கட்டாயிடும். பயப்படாதே."

அவள் அழுத்தவில்லை.

"பாப்பா நடக்கறது இதுலதான் இருக்கு."

"தெரியும்மா."

"அதை மட்டும் எங்கயாவது அனுப்பிட்டு அழிக்கட்டுமா?"

"சிக்னல்ல அது போக நேரமாகும்மா. வேண்டாம்."

"அப்புறமா நீங்க கடையில எடுத்துக் குடுக்க முடியுமா? அழிஞ்சதைக்கூட எடுப்பீங்கன்னு அக்கா சொல்வாங்களே."

"இது முடியாதும்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்கேயோ யாரோ அவளைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் விரல் இன்னும் அந்த இடத்திலேயே நிற்பது பத்திரத்துக்கு இங்கிருந்தே தெரிந்தது. தன் விரலும் ஒரு நாள் அப்படித்தான் நின்றது. அழுத்தினால்தான் மற்றப் பெண்கள் தப்புவார்கள். அவளை அழுத்த வைக்க அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"கவலைப்படாதம்மா" என்றார். "என்கிட்ட ஒரு காப்பி இருக்கு."

"நிஜமாவா அண்ணே?" அழுகையோடேயே அவள் சிரித்துவிட்டாள். "அக்காவுக்கு அனுப்பினேனே, அதுவா?"

"அதேதாம்மா."

"கடவுளே! பத்திரமா வெச்சுக்குங்க அண்ணே. நான் வந்து வாங்கிக்கறேன்." பிறகு அவள் குரல் மெல்ல இறங்கியது. "எந்தப் போன்ல அண்ணே? அவங்க எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, அந்தப் போன்லயா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தோன்றியது.

"ஆமாம்மா."

"அப்ப எங்க பாப்பா முகமும் அவங்ககிட்ட இருக்கு."

"இருக்கும்மா."

ஷிஃப்ட் மணி அடிப்பது கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. அழுத்திவிட்டாள்.

டீக்கடைக்காரர் போனைக் கேட்டுக் கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று பத்திரம் சைகை காட்டினார். தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்த மச்சினி திரும்பிப் பார்த்து, "அழிச்சாளா?" என்று உதட்டசைவில் கேட்டாள். அவர் தலையசைத்தார். அடுத்தவளைக் கூப்பிடச் சொல்லி அவள் விரலால் காட்டினாள். அடுத்த எண்ணைப் பார்ப்பதற்காக அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். அது இப்போது ஆறிப்போயிருந்தது.